காரங்காட்டு இலையும் நாலு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் குடியிருக்கிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன்.

கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிழிந்த கால், பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கையில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை. அவருடைய வீட்டுக்காரருக்கு எப்போதோ எழுதிக்கொடுத்தது. நாலு போட்டிருக்கிறார். "வலி நின்னுருச்சு டீச்சர், மிச்சத்த எடுத்து வச்சேன். இப்ப திரும்ப வீங்குது. நீங்க இலையில மருந்து எடுக்குறீங்களாமே, அதுல கொஞ்சம் குடுங்களேன்" என்றார்.

கொடுக்க என்னிடம் மருந்து இல்லை. ஏன் இல்லை என்று அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டிலிருந்து வெண்கண்டல் இலை கொண்டுவருவோம். நாக்கில் வைத்தால் கரிக்கும். குடித்த உப்பை அந்த மரம் இலை வழியாகத்தான் கக்குகிறது. அதனால் நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிப்போம். கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அகர் என்ற கூழ். அக்கா கடலுக்குள் முங்கி எடுக்கிறாரே மரிக்கொழுந்துப் பாசி, அதிலிருந்தும் எடுக்கிற அகர்தான். அதன்மேல் சீழ்ப்புண் கிருமியைத் தடவி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரிந்தால் சாற்றில் ஏதோ இருக்கிறது.

முதல் தடவை வட்டத்தைப் பார்த்து என் மாணவி துள்ளிக் குதித்தாள். ஆனால் வெறும் ஆல்கஹாலில் நனைத்த வில்லையைச் சுற்றியும் வட்டம் இருந்தது! சரியாகக் காயவிடவில்லை. திரும்பச் செய்தோம். இலைச்சாற்றின் வட்டம் சிறுத்தது, மறையவில்லை.

ஆனாலும் அது மருந்தாகிவிடாது. நல்ல ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே கிருமியை அடக்கும். இலைச்சாறு நூறு, ஆயிரம் என்று கேட்கும். அவ்வளவும் உடம்புக்குள் போனால் நம்மை என்ன செய்யும்? தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கிருமியைக் கொன்றால் போதாது, நம்மை விட்டுவைக்கவும் வேண்டும்.

எனக்கு நம்பிக்கை இருக்கிற இடம் வேறு. படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவோம் இல்லையா? மருந்துக்குப் பழகிய கிருமிகள் பலவும் அப்படித்தான், உள்ளே வரும் மருந்தை இறைத்து வெளியே தள்ளுகின்றன. இறைக்கும் கையைப் பிடித்துவிட்டால்? மிளகிலுள்ள பைப்பரின் அதைச் செய்கிறது. சீழ்ப்புண் கிருமியிடம் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பைப்பரின் பலம் சேர்ப்பதை ஜம்மு ஆய்வாளர்கள் 2006-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். மிளகு ரசம் குடித்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இலையை மாத்திரைக்கு மாற்றாகத் தேடுவதைவிடத் துணையாகத் தேடலாம் என்கிறேன். புது ஆன்டிபயாடிக் வருவது அரிதாகிவிட்டது. பழகிப்போன கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கையிலுள்ள பழைய மருந்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

குறைந்த அளவில் மருந்தைக் காட்டினால் கிருமி பழகிக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-இல், நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். அக்காவின் நாலு மாத்திரையை அப்போதே பார்த்தவர் போல.

அக்காவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கடலில் இறங்குகிறவர்களே, பாரில் கிழிந்தால் நல்ல தண்ணீரில் கழுவி மண், கல் துணுக்கை எடுத்துவிடுங்கள். பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். கடல்தண்ணீரில் உள்ள சில விப்ரியோ கிருமிகள் ஒரே நாளில் சதையை அழித்துவிடும்.

இப்போது எங்கள் தட்டில் இரண்டு வில்லைகள், ஒன்றில் பழைய மருந்து, பக்கத்தில் இலைச்சாறு. இதுவரை ஒரே ஒரு தட்டில் மருந்தின் வட்டம் இலைப்பக்கமாக லேசாகப் புடைத்திருந்தது. இலை மருந்துக்குத் துணை நிற்கிறதோ என்னவோ. திரும்ப வைத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.