இருபத்தெட்டு சீட்டாட்டத்தை மூன்று பேர் ஆடலாமா?

அடுத்த கேள்வி உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து. "தோட்டத்துச் சாளையில் அப்பாரு (தாத்தா), அப்பா, நான் மூன்று பேர்தான் இருக்கிறோம். இருபத்தெட்டு ஆட நான்காவது ஆள் கிடைப்பதில்லை. எந்தச் சீட்டுகளை எடுத்துவிட்டு ஆடுவது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தாராளமாக ஆடலாம் தம்பி. ஆனால் புள்ளியுள்ள சீட்டு ஒன்றின் மேலும் கை வைக்கக் கூடாது. நான்கு பேர் ஆட்டத்தில் 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1. நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. மற்றவற்றுக்குப் புள்ளி கிடையாது.

இரண்டு ஏழுகளை மட்டும் எடுத்துவிட்டு ஆளுக்குப் பத்து போடலாம்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. இரண்டு இனத்தில் எட்டுச் சீட்டும் இரண்டு இனத்தில் ஏழும் நிற்கும். எண்ணி ஆடுகிறவருக்குக் கணக்கு கோணிப்போகும். ஏழுகள், எட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மீதி 24, ஆளுக்கு எட்டு. இனத்துக்கு ஆறு சீட்டு, ஆள் மூன்று. சராசரியாக ஒருவர் கையில் இரண்டு. நான்கு பேர் ஆட்டத்திலும் இதே இரண்டுதான். அதனால் இறக்கிய இனம் கையில் தீர்ந்து, துருப்பால் (மற்ற இனங்களை வெல்லும் இனத்தால்) வெட்டு விழுகிற வேகம் அவ்வளவாக மாறாது.

முதல் நான்கு சீட்டைப் பார்த்து 'இத்தனை புள்ளி எடுப்பேன்' என்று கேட்பது, துருப்பைக் கவிழ்த்து வைப்பது, பிறகு நான்கு போடுவது எல்லாம் பழையபடியே. அதிகம் கேட்டவர் தனி ஆள். மற்ற இருவரும் அந்த ஆட்டத்துக்கு மட்டும் கூட்டு. நான்கு பேர் ஆட்டத்தில் கேட்கத் தொடங்கும் 14 தனி ஆளுக்குக் கனமான தொகை. 12-லிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

எதிர்த்து ஆடும் இருவருக்குத்தான் உண்மையான வேலை. அப்பாரு கேட்டிருக்கிறார் என்று வையுங்கள். அப்பா இனத்திலேயே பெரிய சீட்டான ஆர்டின் ஜாக்கியை இறக்குகிறார், அப்பாரு ராணியைப் போட்டுவிட்டார். உங்கள் கையில் ஆர்டின் ஒன்பதும் ராஜாவும். யோசிக்காமல் ஒன்பதைப் போடுங்கள். மூன்று புள்ளிப் பிடி ஐந்தாகிவிடும். அடுத்த சுற்றுக்கு என்று பத்திரப்படுத்தினால், அப்பாருவிடம் ஆர்டின் தீர்ந்திருந்தால் துருப்பால் வெட்டிக்கொண்டு போய்விடுவார். அதே அப்பாரு உங்களுக்குப் பின்னால் ஆடுகிறவராக இருந்தால் அவசரப்படாதீர்கள், ராஜாவே போதும். அவரிடம் அந்த இனம் உண்டா இல்லையா என்று இன்னும் தெரியாதே! கேட்டவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் புள்ளி ஏற்ற வேண்டும். போன ஆட்டத்தில் எதிரியாக இருந்த அப்பாரு அடுத்த ஆட்டத்தில் உங்கள் கூட்டாளி. மூன்று பேர் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேட்டவர் எடுத்துவிட்டால் அவருக்கு இரண்டு புளியங்கொட்டை, தோற்றால் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. காசு வேண்டாம்.

இரண்டே பேர் என்றால் 32 சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு எட்டு கையில், நான்கு தரையில் கவிழ்த்து, அவற்றின் மேல் நான்கு திறந்து. மேல் சீட்டு ஆடியதும் அடியில் இருப்பதைத் திருப்ப வேண்டும்.