பத்தாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம். ஆண்களின் மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, யூதர்களை வைத்துப் பேசலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். வட லண்டனில் மனநலச் செவிலியராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருடமும் கண்ணெதிரே பார்த்தது ஒன்றுதான். ஆண்கள் உதவி கேட்பதில்லை. கேட்கிற நேரத்தில் நிலைமை முற்றிப்போயிருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் நான்கில் மூன்று பேர் ஆண்கள். "கஷ்டம் என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று நாமும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். வாய்விட்டுச் சொல்ல வராததுதானே அவர்கள் கஷ்டமே! அப்படியானால் கேட்காமலே வீடு தேடி வருகிற உதவி வேண்டும். அதை நான் பார்த்தது வேலையில் இல்லை, என் பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். லண்டனின் கறுப்பு டாக்சி. யூதர்தான், ஆனாலும் ஜெப ஆலயத்துக்கு வருடத்தில் ஒரு நாள் போனால் பெரிது. அவர் மனைவி இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம், வேலையிலிருந்து வந்த கையோடு துக்கம் கேட்கப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. மணியடித்தால் துக்கத்தில் இருப்பவர் எழுந்து வர வேண்டியிருக்குமே, அதனால் அப்படி. சுவரில் இருந்த கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவர் ஒரு குட்டை நாற்காலியில், தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார். சட்டை மார்புப் பக்கம் கிழிந்திருந்தது. துக்கத்துக்கு அடையாளமாக அவர்களே கிழித்துக்கொள்வது அது. இந்த ஏழு நாளுக்கு ஷிவா என்று பெயர். நம் காதுக்குச் சிவா என்று கேட்கும். எபிரேய மொழியில் ஏழு என்று பொருள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையைத் தொட்டு, "அவர் முதலில் பேசட்டும்" என்றார். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பைபிளில் வரும் யோபுவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம்தான் அவர்கள் செய்த பெரிய உதவி. பேசத் தொடங்கிய பிறகு யோபுவுக்கு வேதனை கூடியதுதான் மிச்சம்.

நானும் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும். அவர் தலையைத் தூக்கி, "நார்த் சர்குலரில் இன்றைக்கு நெரிசலா?" என்று கேட்டார். ஆமாம், ஹேங்கர் லேன் பக்கம் நகரவே இல்லை என்றேன். அந்தச் சாலையில் தொடங்கிய பேச்சு, அந்த அம்மாவை முதன்முதலில் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நாள் வரைக்கும் வந்து நின்றது. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவருவது நம்மிடமும் உண்டு. அவர்களும் அப்படித்தான், அவித்த முட்டையும் பருப்பும் வரும். எனக்குப் புதிதாக இருந்தது வேறு. கடிஷ் என்று ஒரு பிரார்த்தனை, இறந்தவருக்காகச் சொல்வது. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்கக் கடவுளின் புகழ். ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடியிருந்து ஆமேன் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கு மின்யான் என்று பெயர். வைதிகமான சபைகளில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். மற்றப் பல சபைகளில் பெண்களையும் சேர்த்துத்தான் கணக்கு. ஷிவா நாட்களில் அந்தப் பத்துப் பேர் வீட்டுக்கே வந்தார்கள். ஏழாம் நாள் காலையில் அவரைக் கைத்தாங்கலாகத் தெருவைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனார்கள்.

மனைவிக்கு முப்பது நாள்தான் துக்கம் காப்பது. அது முடிந்தது. முடிந்த பிறகு ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் போன் வந்திருக்கிறது. "ஒன்பது பேர்தான் இருக்கிறோம். உங்களால் வர முடியுமா?"

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்திருப்பார். ஒன்பது பேர் இருக்கிறோம், நீங்கள் வராவிட்டால் இங்கே ஒரு பையன் தன் அப்பாவுக்குக் கடிஷ் சொல்ல முடியாது என்றார்கள். அவர் எழுந்தார், சவரம் செய்துகொண்டார், போனார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் படுக்கையை விட்டு எழுந்ததே அந்தப் போனுக்காகத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார். நான் எத்தனையோ நோயாளிகளுக்குக் கவனிப்புத் திட்டம் எழுதியிருக்கிறேன். என்ன மருந்து, என்ன ஆபத்து, யார் பொறுப்பு, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். இந்த மனிதர் யாருக்குத் தேவைப்படுகிறார் என்று எழுத ஒரு கட்டம் இருந்ததே இல்லை.

இனி, நான் பல வருடமாக மனதில் சுமந்து திரிகிற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைமோனிடிஸ். 12ஆம் நூற்றாண்டு, எகிப்து. யூதச் சட்டம் முழுவதையும் தொகுத்து எழுதியவர், சுல்தான் சலாவுதீனின் அரசவையில் வைத்தியம் பார்த்தவர். அவருக்கு டேவிட் என்று ஒரு தம்பி. தம்பி வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கினார், அண்ணன் உட்கார்ந்து படித்தார், எழுதினார். தம்பி பாலைவனம் கடந்து ஐதாப் என்ற செங்கடல் துறைமுகத்துக்கு வந்தபோது அங்கே அவுரியைத் தவிர வாங்க ஒன்றுமில்லை. சரி, கப்பலேறிவிடுகிறேன், பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான், கவலைப்படாதே என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றின் காகிதக் குவியலில் கிடைத்த அந்தக் கடிதம் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இங்கிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரம். தம்பி இந்தியக் கடலில் மூழ்கிப்போனார்.

அண்ணன் என்ன ஆனார்? சுமார் எட்டு வருடம் கழித்து ஆக்கர் நகரத்து நண்பருக்கு அவரே எழுதுகிறார். செய்தி வந்த நாளில் விழுந்தவன் ஏறக்குறைய ஒரு வருடம் படுக்கையில் கிடந்தேன், காய்ச்சலும் மனக்கலக்கமுமாக, பிழைப்பேன் என்ற நம்பிக்கையே இல்லாமல். எட்டு வருடம் ஆகியும் ஆறவில்லை. என் மடியில் வளர்ந்த பிள்ளை அவன். அவன் கையெழுத்தைப் பார்த்தால் இப்போதும் நெஞ்சு புரண்டுவிடுகிறது. இது அந்தக் கடிதத்தின் சாரம்.

இதே மனிதர்தான் தன் சட்ட நூலில், அழுகைக்கு மூன்று நாள், புலம்பலுக்கு ஏழு நாள், முடி வெட்டாமல் இருக்க முப்பது நாள், அதற்கு மேல் ஒருவன் தன்னை வருத்திக்கொள்ளக் கூடாது என்று எழுதியவர். அந்தக் கைதான் எட்டு வருடம் ஆகியும் ஆறவில்லை என்றும் எழுதியது. ஊரே அண்ணாந்து பார்த்த ஆண், பெரிய வைத்தியர், படுத்துக் கிடந்தேன் என்று எழுத வெட்கப்படவில்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்னால்! மனச்சோர்வோடு என் எதிரே வந்து உட்கார்ந்த ஆண்களுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னதுண்டு. தமிழர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் யாரிடமாவது சொல்லுங்கள்.

அவரே வைத்தியர், பிறகேன் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை என்று தோன்றும். இதற்குத் தல்மூதில், அதாவது யூத அறிஞர்களின் பழைய விவாதங்களைத் தொகுத்த நூலில், ஒரு பதில் இருக்கிறது. நோயாளிகளைக் கைகொடுத்து எழுப்புகிற ரபி, அதாவது மத குரு, யோகனான் தானே நோயில் விழுகிறார். இன்னொரு ரபி வந்து, "கையைக் கொடு" என்று எழுப்புகிறார். ஏன், யோகனான் தானாகவே எழுந்திருக்கலாமே என்று கேள்வி வருகிறது. சிறையில் இருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்கிறது தல்மூத்.

பொது ஆபத்து வரும்போதும் இதேதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 2018 அக்டோபர் 27 அன்று ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். பலர் வயதானவர்கள், சனிக்கிழமை தவறாமல் நேரத்தோடு வந்துவிடுகிறவர்கள். இறந்தவரைத் தனியே விடக் கூடாது என்பதால், அடக்கம் வரை தன்னார்வலர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். இங்கே மான்செஸ்டரில் 2025 அக்டோபர் 2, யோம் கிப்பூர் என்ற அவர்களுடைய புனித நோன்பு நாளன்று, ஒரு ஜெப ஆலயத்தைத் தாக்க வந்தபோது, உள்ளே இருந்தவர்கள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் காத்தார்கள். இரண்டு பேர் உயிர் போனது. கதவைப் பிடித்த கைகளை நாம் வீரம் என்று பாராட்டுவோம். அந்தக் கைகள் ராத்திரி வீட்டில் நடுங்கினால் யார் பிடித்துக்கொள்வது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் என்று. கடன் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன். வேலை போய், கடன் ஏறி ஒடிந்துபோகிற ஆண்கள் அதிகம். நியூயார்க்கில் யூதர்கள் 1892இலேயே வட்டியில்லாக் கடன் சங்கம் தொடங்கினார்கள். ஒருவன் கையேந்தும் முன்பே கடனோ வேலையோ கொடுத்து நிமிர்த்துவதுதான் தர்மத்தில் உயர்ந்த படி என்று மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். அவர்களிடமும் குறை உண்டு. பிள்ளைகளின் கல்யாணம் கெட்டுவிடும் என்று மனநோயை மூடி மறைக்கும் குடும்பங்கள் அங்கேயும் உண்டு, நம்மைப் போலவே. அதை எதிர்த்துத்தான் 1989இல் இந்த நகரத்தில் ஜாமி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஒரு எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மனம் ஒடிந்தவர்கள் பேசக் கேட்கிற சமாரிட்டன்ஸ் அமைப்பு, 116 123. பிரிட்டனில் எங்கிருந்தும் கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பேனா தேடுகிறவர்களுக்காக இன்னொரு முறை: ஒன்று ஒன்று ஆறு, ஒன்று இரண்டு மூன்று. வணக்கம்.