ராத்திரி பால்ல இசப்கோல்: கொலஸ்ட்ராலுக்கு அது ஏன் பத்தாது?

வணக்கம் மக்களே. இன்னைக்கு இசப்கோல், அதாவது ஒரு செடியோட விதை மேல இருக்கிற உமி. குஜராத்ல உஞ்சா சந்தையிலேர்ந்து உலகம் பூரா போற சரக்கு இது. நம்ம ஊர்ல மலச்சிக்கலுக்குன்னு வாங்கி, படுக்கப் போறப்போ வெதுவெதுப்பான பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிப்பாங்க. மலச்சிக்கலுக்கு அது சரி. கொலஸ்ட்ராலுக்குன்னா அளவும் பத்தாது, நேரமும் தோதுப்படாது.

ஏன்னா, கல்லீரல் பித்தத்தைத் தயாரிக்கிறதே கொலஸ்ட்ராலை வெச்சுத்தான். நாம சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி அதைக் குடல்ல விடும். கொழுப்பைச் செரிக்க வைக்கிற வேலை முடிஞ்சதும், பித்தத்துல இருக்கிற பித்த உப்புல சுமார் 95 சதவீதம் சிறுகுடலோட கடைசில உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிடும். சரியான சிக்கனம்! இசப்கோல் ஊறுனா கொழகொழன்னு ஆகுதில்ல, அந்தக் கொழகொழப்புல பித்த உப்பு சிக்கி மலத்தோட வெளிய போயிடும். கையிருப்பு குறைஞ்ச கல்லீரல், புதுப் பித்தத்துக்காக ரத்தத்துல இருக்கிற எல்டிஎல்-ஐ, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கும். அப்ப பித்தம் இறங்குற நேரத்துல இதுவும் குடல்ல இருக்கணும். அதனாலதான் சாப்பாட்டோட எடுங்கன்னு சொல்றது.

அளவு? ஒரு நாளைக்கு இசப்கோல்லேர்ந்து 7 கிராம் கரையும் நார்ச்சத்து. இதய நோய் சம்பந்தமா 1998-ல எஃப்டிஏ, அதாவது அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு ஒத்துக்கிட்ட அளவு இது. உமியாப் பாத்தா சுமார் 10 கிராம். உமி ரொம்ப லேசு, ஸ்பூனுக்கு ஸ்பூன் எடை மாறும். சமையல் தராசுல ஒரு தடவை நிறுத்துப் பாத்துக்கோங்க.

முதல் வாரம் ஒரு வேளை மட்டும் சுமார் 3.4 கிராம் உமி. அடுத்த வாரம் ரெண்டு வேளை, அப்புறம் மூணு. எடுத்தவுடனே முழு அளவுக்குப் போனா வயிறு உப்பிக்கும். ஒவ்வொரு தடவையும் 250 மில்லி தண்ணில கலக்குங்க, கலக்குன கையோட குடிச்சிடுங்க. அஞ்சு நிமிஷம் விட்டா களி மாதிரி ஆயிடும். வெறும் உமியை வாயில போட்டுத் தண்ணி குடிக்கிறது வேண்டவே வேண்டாம், தொண்டையிலயே ஊதி அடைச்சுக்கும். தண்ணி குறைஞ்சா மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். முழுங்கச் சிரமப்படுறவங்களும் குடல் அடைப்பு இருந்தவங்களும் இதைத் தொடாதீங்க.

மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லன்னா மாத்திரை சரியா உறிஞ்சப்படாது. தைராய்டு மாத்திரை போடுறவங்க இதுல கவனமா இருங்க. சுகருக்கு மருந்து எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க. டப்பாவுல சர்க்கரையோ நிலாவரையோ கலந்திருக்கான்னு பாருங்க. நிலாவரை பேதிக்கானது, தினமும் எடுக்கிறதில்ல.

இசப்கோல் பிடிக்கலயா? ஓட்ஸ் இருக்கு, ஆனா ஒரு நாளைக்குப் பச்சையா நிறுத்தா 75 கிராமாவது வேணும். சின்ன மசாலா பாக்கெட்ல அதுல பாதிதான் வரும், உப்பு வேற.

எல்டிஎல் பொதுவா 5லேர்ந்து 10 சதவீதம் இறங்கும். அதாவது 150 இருந்தா 135, 142 அந்த மாதிரி. ரத்தத்துல இருக்கிற இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு பெருசா அசையாது. அதனால கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் குடுத்திருந்தா அதை நிறுத்திட்டு இதுக்கு மாறாதீங்க, ரெண்டும் சேந்தே போகட்டும். முழு அளவுக்கு வந்து ஆறு வாரம் கழிச்சு, முன்னாடி எடுத்த அதே லேப்ல லிப்பிட் டெஸ்ட் எடுங்க.