சூரைப் படகில் விழுந்த சாம்பல்

பெரியோர்களே, தாய்மார்களே, கடலுக்குப் போகும் தம்பிமாரே!

அணுகுண்டு என்றால் ஹிரோஷிமாவில் தொடங்குவதுதான் வழக்கம். சூரைக்குத் தூண்டில் போடுகிற கரை இது. அதனால் ஒரு சூரைப் படகிலிருந்து தொடங்குகிறேன்.

1954 மார்ச் 1. மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்திட்டில் ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா வெடித்தது. கணக்குப்படி சுமார் 6 மெகாடன்; ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் வெடிமருந்தின் வலு. வெடித்ததோ 15, ஹிரோஷிமாவைப்போல ஆயிரம் மடங்கு. கணக்கு பிசகியது எரிபொருளில். அதிலிருந்த லித்தியம் என்ற உலோகத்தில் இரண்டு வகை; 40 விழுக்காடுதான் லித்தியம்-6. மீதியான லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். வெடிப்பில் பறந்த அதிவேக நியூட்ரான் துகள் பட்டதும் அதுவும் உடைந்து, குண்டுக்குத் தீனியான டிரிட்டியம் என்ற கனத்த ஹைட்ரஜனைத் தந்தது, வெடிப்பு பெருத்தது. படித்தவர்கள் போட்ட கணக்குதான் அதுவும்!

வெடித்தது தரையோடு. பவளக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே அந்தச் சூளை வேலை ஒரு நொடியில் முடிந்தது; பொடியில் கதிரியக்கமும் ஒட்டிக்கொண்டது. மேலே அடித்த கச்சான் காற்று அதைக் கிழக்கே தள்ளியது.

கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில், அறிவித்த தடை எல்லைக்கு வெளியே, ஜப்பானின் யைசு துறைமுகத்துப் படகு ‘ஐந்தாம் ஃபுக்குரியூ மாரு’ 23 பேரோடு நின்றது. மேற்கே வெளிச்சம் கண்டார்கள். கயிற்றை அறுத்துவிட்டு ஓட எந்த மீனவனுக்கு மனம் வரும்? மணிக்கணக்கில் இழுத்து ஏற்றினார்கள். வெள்ளைத் தூள் தலையிலும் கழுத்திலும் கொட்டியது. தோலில் ஒட்டிய தூளை உடனே கழுவியிருந்தால் புண் குறைந்திருக்கும். அது என்னவென்றே அவர்களுக்குத் தெரியாதே! வாந்தி வந்தது, தோல் வெந்தது, பிறகு முடி கொட்டியது. மார்ச் 14 அன்று கரை சேர்ந்தார்கள். விஷயம் வெளியே வருவதற்குள் மீன் சந்தைக்குப் போய்விட்டது. டோக்கியோ சந்தையில் எடுத்துப் புதைத்தார்கள். ஜப்பானியர் சூரை வாங்கவே அஞ்சினார்கள். படகில் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டம்பர் 23 அன்று, 40 வயதில் இறந்தார்.

குண்டின் வரலாற்றைத் திருப்பியது இந்தப் படகுதான் என்பேன். ஏப்ரல் 2 அன்றே நேரு சோதனைகளை நிறுத்தி வைக்கும்படி நாடாளுமன்றத்தில் கேட்டார். ஜப்பானில் 3 கோடிக்கும் மேலானோர் கையெழுத்திட்டார்கள். 1963 ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனையைத் தடைசெய்தது. இந்தியாவும் ஒப்பமிட்டது. 1974-லும், ராமேசுவரத்துக் கலாம் முன்னின்ற 1998-லும் பொக்ரானில் நாம் மண்ணுக்கடியில் வெடித்தது அதனால்தான். பிரான்சும் சீனாவும் ஒப்பமிடாமல் வானில் வெடித்துக்கொண்டே இருந்தன, அது வேறு கதை.

அந்த மரப்படகைப் பின்னாளில் டோக்கியோவில் குப்பை கொட்டும் திட்டில் போட்டுவிட்டார்கள். ஊர் மக்கள் விடவில்லை. 1976 முதல் அதே இடத்தில், கூரைக்கடியில் நிற்கிறது.