தங்கள் கொடியோடு ஆடட்டும்

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்று பேசப்போகும் நாட்டை உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவிலுமாக அவர்களுடைய மண் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்று ஆறு இனத்தார் சேர்ந்த கூட்டமைப்பு அது. தங்களை ஹோடினோஷோனி என்று சொல்லிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் இரோகுவா என்பார்கள்.

லக்ராஸ் என்ற ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோலின் நுனியில் வலை. அந்த வலையில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, இலக்குக்குள் வீச வேண்டும். அந்த மக்கள் நூற்றாண்டுகளாக ஆடிவரும் ஆட்டம். ஹிக்கரி மரத்தை ஆவியில் வளைத்து, தோல்வார் கட்டிக் கோல் செய்வார்கள். ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் ஒரு சின்னக் கோலை வைப்பார்கள். நோயாளி குணமாக வேண்டும் என்று ஆடுவதும் உண்டு.

அந்த லக்ராஸ் 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமாகத் திரும்புகிறது, 1908க்குப் பிறகு முதல்முறையாக. ஆனால் ஹோடினோஷோனி அணிக்கு இடமில்லை. அங்கீகரிக்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் குழு அவர்களுக்கு இல்லையாம். வேண்டுமானால் அமெரிக்க அணியிலோ கனடா அணியிலோ ஆடட்டும் என்கிறது ஒலிம்பிக் கமிட்டி. 2023 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற அணிக்கு இந்தப் பதில்!

இது புதிதல்ல. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெஸ்கஹே என்பவர், கயூகா இனத் தலைவர். 1923இல், தங்கள் கூட்டமைப்பே வழங்கிய கடவுச்சீட்டோடு ஜெனீவாவுக்குப் போனார். ஐ.நா.வுக்கு முன்பு இருந்ததே, சர்வதேச சங்கம், அதன் வாசலுக்கு. கனடா எங்கள் ஆட்சியில் தலையிடுகிறது, எங்கள் வழக்கைக் கேளுங்கள் என்பதுதான் மனு. அயர்லாந்து, பனாமா, பாரசீகம், எஸ்டோனியா ஆகிய நான்கு நாடுகள் அவருக்காகப் பேசின. பிரிட்டன் முட்டுக்கட்டை போட்டது. ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே காத்திருந்தார். சபை அவரைக் கேட்கவே இல்லை. அவர் ஊரில் இல்லாதபோதே, 1924இல், கனடா அரசு அவர்களுடைய பரம்பரை அவையைக் கலைத்துவிட்டது.

அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? வானொலிக்கு வந்தார். 1925 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், இதோ நான் நிற்பதுபோல ஒலிவாங்கி முன் நின்று, முகம் தெரியாத நேயர்களிடம் பேசினார். எங்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று நினைத்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று கேட்டார். உடம்பு முடியாமல் இருந்தவர். அந்த ஜூனிலேயே காலமானார்.

இதே ஜெனீவாவில், அதே ஆண்டுகளில், அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இன்னொரு நாடு உட்கார்ந்திருந்தது. நம் இந்தியாதான். சுதந்திரம் இல்லாத இந்தியா! 1928இல் ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கித் தங்கம் வாங்கினோமே, அப்போது நமக்குச் சொந்த அரசு இருந்ததா? இல்லை. ஆனாலும் இந்தியா என்ற பெயரில்தான் ஆடினோம். மறுபடியும் சொல்கிறேன்: சொந்த அரசு இல்லாத நமக்குத் திறந்த கதவு, தங்கள் அரசை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத அவர்களுக்கு மட்டும் ஏன் மூடியிருக்கிறது?

உலக லக்ராஸ் அமைப்பு அவர்களைத் தனி உறுப்பினராகவே வைத்திருக்கிறது. அப்படியும் 2010இல், அவர்களுடைய கடவுச்சீட்டைப் பிரிட்டன் ஏற்காததால், மான்செஸ்டர் உலகப் போட்டிக்கு அந்த அணியால் போக முடியவில்லை. நியூயார்க்கிலேயே நின்றுவிட்டார்கள். 2022 உலக விளையாட்டுகளில் மட்டும், அயர்லாந்து அணி தானாக விலகித் தன் இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது.

ஒலிம்பிக் விதியை விளக்கமாகச் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட்டோ ரிக்கோவும் ஹாங்காங்கும் தனி நாடுகள் அல்ல, ஆனாலும் தனி அணியாக வருகின்றன. 2016இல் அகதிகளுக்கென்றே ஓர் அணி வந்தது. மனம் வைத்தால் கமிட்டி வழிசெய்யும். நம் இந்திய ஒலிம்பிக் சங்கம் இவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டும். நேயர்களே, சங்கத்துக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.