ஏர்போர்ட்டுக்கு ஊரைக் கூட்டாதீங்க: தத்தெடுத்த புள்ளையோட முதல் ஆறு வாரம்

வணக்கம் வணக்கம், இலங்கை மலைநாட்டு ஹட்டன்ல இருந்து. தகரத்துல மழை கொட்டுது, சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க. பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி) கையில இருக்கு, சீனி போடாம, கருப்பட்டி தனியா. "சீனி போட்டுக் குடிங்கக்கா"ன்னு கீழ எழுதாதீங்க, அந்தச் சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சு.

இன்னைக்கு ரொட்டியும் சம்பலும் போடுறதாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த வாரம் பூரா ஒரே வீடியோவையே ஆளாளுக்கு அனுப்புறீங்க. ஏதோ ஒரு வெளிநாட்டு ஏர்போர்ட். தத்தெடுத்த ரெண்டு வயசுப் புள்ளையோட ஒரு ஜோடி இறங்குது. பலூன், பேனர், கேக்கு, முப்பது பேர் இருக்கும். புள்ள கைக்குக் கை மாறுது, ஒரு சொட்டு அழல. கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு, "என்ன சமத்து, யார்கிட்டயும் போகுது பாருங்க"ன்னு. எனக்கு அந்த ஒரு வரியில தலைக்கு ஏறிருச்சு.

அது சமத்து இல்லைங்க. சிறுவர் இல்லத்துல வளர்ற புள்ளைக்கு, பாத்துக்கிற ஆயாம்மாமார் முறை வச்சு மாறிக்கிட்டே இருப்பாங்க. காலையில ஒருத்தர், ராவைக்கு ஒருத்தர், லீவு போட்டா இன்னொருத்தர். எந்தக் கை நீளுதோ அந்தக் கைக்குப் போனாத்தான் சோறும் தூக்கமும்னு அது பழகியிருக்கு. அழாம இருக்கிறதும் அப்படித்தான். அழுதா ஆள் வரும்னு தெரிஞ்ச புள்ளதான் அழும். முப்பது பேர் மத்தியில புள்ள கம்முன்னு இருந்தா, பயத்துல உறைஞ்சு போயிருக்குன்னு எடுத்துக்கங்க.

அதனால, இங்க இல்லத்துல இருந்து தத்தெடுத்து வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறவங்க கேளுங்க: முதல் ஆறு வாரத்துக்கு, முடிஞ்சா மூணு மாசத்துக்கு, ஊட்டுறது, குளிப்பாட்டுறது, துணி மாத்துறது, தூங்க வைக்கிறது, விழுந்தா தூக்குறது, இந்த அஞ்சும் அம்மா அப்பா ரெண்டு பேர் மட்டும்தான். சொந்தக்காரங்க வரட்டும், சமைக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், துணி மடிக்கட்டும். டொபி குடுக்கணுமா, அம்மா கையில குடுங்க, அம்மா புள்ளைக்குக் குடுப்பாங்க. புள்ளையே வந்து கையைத் தூக்கினாலும் "அம்மாகிட்ட போ ராசா"ன்னு அந்தப் பக்கம் திருப்பி விடுங்க. பெரியம்மா கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும்.

அம்மா அப்பாவுக்குள்ளயே ஒரு சிக்கல் வரும். புள்ள ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டு மத்தவரைக் கிட்ட விடாது. இது சாதாரணம். ஒதுக்கப்பட்டவர் சண்டைக்குப் போகாம, புள்ளைக்குப் பிடிச்ச வேலை ஒண்ணை மட்டும் தன் பங்குக்கு எடுத்துக்கணும். குளிக்கிறது பிடிச்சா குளியல், வாழைப்பழம் பிடிச்சா வாழைப்பழம். தினமும் அதே நேரம், அதே ஆள்.

புதுசா வந்தவங்களுக்காக, சட்டப் பக்கம் சுருக்கமா. இலங்கையில இருந்து வெளிநாட்டுக்குத் தத்தெடுக்க ஒரே வாசல்தான், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம். தத்தெடுப்புச் சட்டம் 1941ல வந்தது, 1992ல திருத்துனது. நாடு விட்டு நாடு தத்தெடுக்கிறதுக்கான 1993ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையில 1995ல இலங்கை சேர்ந்துச்சு. அதன்படி முதல்ல உள்ளூர்ல குடும்பம் கிடைக்குதான்னு பாக்கணும், அப்புறம்தான் வெளிநாடு. நீங்க 25 வயசு தாண்டியிருக்கணும், புள்ளைய விட 21 வயசாவது மூத்தவங்களா இருக்கணும். எந்தப் புள்ளைன்னு திணைக்களம் சொல்லும், மாவட்ட நீதிமன்றம் கட்டளை போடும். "எனக்கு ஒரு தாயைத் தெரியும், பேசி முடிச்சுத் தர்றேன்"னு யாராவது வந்தா கதவைச் சாத்துங்க. ஏன்னு கடைசியில சொல்றேன், அதுக்கு எனக்குக் கோவம் தனியா இருக்கு.

இப்போ எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். சோப்பு! சிரிக்காதீங்க. புள்ளைய ஏத்துக்கப் போறதுக்கு முன்னாடி இல்லத்து மேட்ரன்கிட்ட கேட்டு எழுதிக்கங்க: குளிப்பாட்டுறது எந்த சோப்பு, துணி துவைக்கிறது எந்த சோப்பு, தலைக்கு என்ன எண்ணெய். ரெண்டு வயசுப் புள்ளைக்கு வீடுங்கிறது வாசம்தான். ஆயாம்மா போயிட்டாங்க, கட்டில் போயிருச்சு, பாஷை போயிருச்சு, குளிரே போயிருச்சு. தலையணையில பழைய வாசமாவது மிஞ்சணும். இங்க பாதி இடத்துல துணிக்கு சன்லைட் கட்டிதான். புள்ளைக்கு பேபி செரமிங்கிற குழந்தை சோப்பா, இல்ல பெரியவங்க போடுற சோப்பேதானான்னு தெளிவாக் கேளுங்க, "பேபி சோப்"னு மட்டும் எழுதிட்டு வந்துராதீங்க. ஆறேழு கட்டி வாங்கிட்டுப் போங்க. போனதும் புதுப் போர்வை, புது உடுப்பு எல்லாத்தையும் அதே கட்டியில ஒரு தரம் அலசிட்டுப் போடுங்க. அங்க துணிக்குப் போடுற வாசனைத் திரவம், அந்தப் பூ வாசம், எனக்கு ஆகவே ஆகாது, அதை ரெண்டு மாசத்துக்குத் தொடாதீங்க. சோப்பு தீர்ந்தா என்ன செய்யிறதுன்னு போன தடவை நிறையப் பேர் கேட்டீங்க. டொரொன்டோ ஸ்காபரோவுல இலங்கைக் கடையில அதே மஞ்சக் கட்டி அடுக்கி வச்சிருக்குன்னு நம்ம தங்கச்சி ஒருத்தி போட்டோவே அனுப்பிட்டா. வெற்றி! அந்த விலைக்கு இங்க நாலு கட்டி வாங்கலாம், ஆனாலும் வெற்றிதான்.

இதோட சேர்ந்ததுதான் போர்வை. புள்ள தூங்குற துணியைத் துவைக்காம, ஜிப் பையில போட்டு எடுத்துக்கங்க. கிழிசலா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா இல்லத்துக்குத் துணி பஞ்சம், பக்கத்துப் புள்ளைக்கும் வேணும். அதனால முதல் சந்திப்புலயே ஒரே மாதிரி ரெண்டு துண்டு வாங்கிக் குடுத்து, புள்ளை படுக்கையில மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும். நீங்க உடுத்திக் கழட்டுன டீசர்ட் ஒண்ணையும் குடுத்துட்டு வாங்க, உங்க வாசமும் முன்னாடியே பழகட்டும்.

ஆங், கேக்க வேண்டியதுல இன்னும் இருக்கு. தூங்குற நேரம், ஒரே காம்பராவுல (ரூம்ல) எத்தனை பேர், முதுகுல தட்டித் தூங்க வைக்கிறதா ஆட்டியா, மூத்திரம் வந்தா என்ன சத்தம் போடும், கூப்பிடுற பேர் எது. ஆயாம்மாவோட குரலை ஃபோன்ல பதிஞ்சுக்கங்க, பேர் சொல்லிக் கூப்பிடுறதும் தாலாட்டும். பாஷையும் முக்கியம். தாய் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணா இருந்தாலும், இல்லத்துல சிங்களம்தான்னா புள்ளைக்குத் தமிழ் வராது. "வத்துர" கேட்டா தண்ணி, "படகினி"ன்னா பசி, "ரிதெனவா"ன்னா வலிக்குது, "இவரய்"ன்னா முடிஞ்சுது. இருபது முப்பது சொல் போதும். சில மாசத்துல புது பாஷை ஏறி பழசு போயிரும், அது வரைக்கும் தாங்கணும்.

அடுத்தது பாதை, இங்க இருந்து ஏர்போர்ட்டுக்கு மலை இறங்குறது. கினிகத்தேனை, கிதுல்கலை, அவிசாவளைன்னு அந்த வளைவுல பெரியவங்களே வாந்தி எடுப்போம். நுவரெலியாவுல இருந்து றம்பொடை வழின்னா கேக்கவே வேணாம். வேன்ல ஏறியே பழகாத புள்ள. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே பாலை நிறுத்துங்க, ஆனா வெறும் வயிறும் கூடாது, ரெண்டு மாரி பிஸ்கட் போதும். மாத்துத் துணி மூணு செட், உங்களுக்கும் ஒண்ணு, அதைத்தான் எல்லாரும் மறக்குறாங்க. கார் சீட்டை ஊர்ல இருந்தே கொண்டாந்து, சந்திக்கப் போற நாள்ல எல்லாம் தரையில வச்சு அதுல உக்காந்து விளையாட விடுங்க. பெல்ட்டை முதல் தடவையா வேனுக்குள்ள மாட்டினா அலறும். இன்னொண்ணு, புள்ளைய ஸ்வெட்டர், தொப்பி, காலுறை எல்லாம் மாட்டித் தருவாங்க. கிதுல்கலை தாண்டுனதும் ஒண்ணொண்ணா கழட்டுங்க. ஹட்டன் குளிருக்குப் போட்டதோட நீர்கொழும்பு வெக்கையில இறக்கினா உடம்பெல்லாம் வேர்க்குருதான். அன்னைக்கே பிளேன் ஏறாதீங்க, கட்டுநாயக்க ஏர்போர்ட் பக்கத்துல ஒரு ராத்திரி தங்குங்க.

டிக்கட்டு: ரெண்டு வயசு முடிஞ்சா தனி சீட் வாங்கியே ஆகணும், மடியில வைக்க விடமாட்டாங்க. பிறந்த தேதிய வச்சு இப்பவே கணக்குப் பாருங்க, கோர்ட் தேதி தள்ளிப் போனா இடையில பிறந்த நாள் வந்துரும். பிளேன் இறங்கும்போது காது அடைக்கும், சப்பிக் குடிக்க ஏதாவது குடுங்க.

சாப்பாடு. முதல் மூணு வாரம் உங்க திறமையைக் காட்டாதீங்க. குழைஞ்ச சோறு, பருப்பு, மசிச்ச உருளைக்கிழங்கு, கரட், வாழைப்பழம், சமபோஷ (சத்துமா) உருண்டை. புதுசு ஒண்ணு குடுத்தா மூணு நாள் விட்டு அடுத்தது. கடிச்சு மெல்லத் தெரியாம கன்னத்துலயே அடக்கி வச்சிருக்கும் சில புள்ள, தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள விரல் விட்டுப் பாருங்க. சில புள்ள வாந்தி வர்ற வரைக்கும் தின்னும், தலையணைக்கு அடியில பிஸ்கட் ஒளிக்கும். பிடுங்காதீங்க, திட்டாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சின்னத் தட்டுல குடுங்க, கைக்கு எட்டுற உயரத்துல மூடி போட்ட டப்பாவுல ஏதாவது எப்பவும் இருக்கட்டும். டப்பா காலியாகாதுன்னு நம்பிக்கை வந்தா ஒளிக்கிறது தானா குறையும். பால் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல போனா சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். ஆனா போத்தலைப் பிடுங்க வேணாம், மடியில படுக்க வச்சு, கண்ணைப் பாத்து நீங்களே பிடிச்சுக் குடுங்க. இங்க சின்னப் புள்ளைக்கும் பிளேன்டி குடுத்துப் பழக்கியிருப்பாங்க. நான் இதைக் கையில வச்சுக்கிட்டு சொல்றேன், புள்ளைக்கு வேணாம். சாப்பாட்டுல இருக்கிற இரும்பை உடம்புல சேர விடாது.

ராத்திரி. பத்துப் புள்ளையோட ஒரே காம்பராவுல தூங்குனதைக் கொண்டு போய், பொம்மை ஒட்டுன தனி ரூம்ல, இருட்டுல, கதவைச் சாத்துனா எப்படி இருக்கும்? உங்க கட்டில் பக்கத்துலயே மெத்தை, சின்ன வெளிச்சம், நடுராத்திரி கை நீட்டினா தொடுற தூரம். "அழுது அடங்கட்டும்"ங்கிற முறை இந்தப் புள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது, எந்த டொக்டர் சொன்னாலும் சரி. நேர வித்தியாசம் ஒரு மணிக்கு ஒரு நாள்னு கணக்கு வைங்க, லண்டனுக்கு அஞ்சாறு நாள், டொரொன்டோவுக்கு பத்து நாள் போல ஆகும்.

குளியலை விட்டுட்டேன் பாருங்க! ஷவரைத் திறந்தா பயந்துரும். பேசின்ல சுடுதண்ணி கலந்து கோப்பையால மொண்டு ஊத்திப் பழகின புள்ள. பெரிய தொட்டிக்குள்ள பேசினை வச்சு, அதுக்குள்ள நாலு விரல் தண்ணி, அதே கோப்பை. ரெண்டு வாரம் போனா தொட்டிக்குத் தானா இறங்கும்.

டொக்டரை ரெண்டு வாரத்துக்குள்ள பாருங்க. ஊசி விவரம் இருக்கிற கிளினிக் புத்தகத்தை இங்கிலீஷ்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. இடது தோள்ல பிசிஜி (டிபி தடுப்பூசி) தழும்பு இருக்கும். அதைத் தெரியாம தோல்ல ஊசி போட்டு டிபி பாத்தா பொய்யா வீங்கிக் காட்டலாம், ரத்தத்துல பாக்கிற டெஸ்ட் கேளுங்க. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் தடுப்பூசி) இங்க 9 மாசத்துல முதல் ஊசி, 3 வயசுல ரெண்டாவது. ஒரு வயசுக்கு முன்னாடி போட்டதை அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் கணக்குல எடுக்க மாட்டாங்க, திரும்பப் போடச் சொன்னா பயப்படாதீங்க. நிமோனியாவுக்கான நியூமோகொக்கல், கொப்புளிப்பான்னு சொல்ற சின்னம்மை, ரெண்டு ஊசியும் இங்க அரசாங்க அட்டவணையில கிடையாது, அங்க போய்த்தான் போடணும். ஹீமோகுளோபின், பூச்சிக்கு மலம், ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, காது, கண் எல்லாம் ஒரு தரம் பாத்துருங்க. உயரம் குறைவா இருந்தா உடனே பயப்படாதீங்க, இல்லத்துல வளர்ற புள்ளைக்கு மூணு மாசத்துக்கு ஒரு மாசம்கிற கணக்குல வளர்ச்சி பின்னால போகும்னு இதைப் பாக்கிற டொக்டர்மார் சொல்லுவாங்க. நல்ல சாப்பாடும் ஒரே மடியும் கிடைச்சா வேகமா எட்டிப் பிடிக்கும்.

இப்போ அந்தக் கோவம். 70கள்லயும் 80கள்லயும் இங்க இருந்து ஆயிரக்கணக்குல புள்ளைங்க ஐரோப்பாவுக்குப் போச்சு, அதுல நம்ம தோட்டத்துத் தாய்மார் புள்ளைங்களும் உண்டு. கோர்ட்டுல தாய்னு நிக்கிறதுக்கு கூலிக்கு ஆள் பிடிச்சாங்க. 2017ல நெதர்லாந்து டிவி இதை வெளிய கொண்டு வந்துச்சு. 2021ல அங்க அரசாங்கம் அமைச்ச குழு அறிக்கை குடுத்ததும் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வச்சாங்க. அந்தப் புள்ளைங்க இன்னைக்கு நாப்பது, அம்பது வயசுல வந்து லயம் லயமா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாயைத் தேடுறாங்க, கையில இருக்கிற பேப்பர்ல உள்ள பேர் பொய். உங்க புள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாதுன்னா இப்பவே ஃபைல் ரெண்டு செட் போடுங்க. அசல் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோட பிரதி, கோர்ட் வழக்கு இலக்கம், இல்லத்து ரெஜிஸ்டர் பக்கத்தோட பிரதி, தாயோட தோட்டம், டிவிஷன், லய நம்பர். தோட்டத்துக்கு இங்கிலீஷ் பேர் ஒண்ணும் நம்ம சனம் சொல்ற பேர் ஒண்ணும் இருக்கும், ரெண்டையும் எழுதுங்க. மேப்ல இருக்கிற பேரைச் சொன்னா இங்க பாதி கிழவிகளுக்குத் தெரியாது.

"தாத்தா பாட்டி எப்போ தூக்கலாம்"னு கேட்டிருந்தீங்க. நாள் கணக்கு வேணாம். புள்ள விழுந்து அடிபட்டா எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. பக்கத்துல நிக்கிற பாட்டியைத் தாண்டி அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ ஓடி வந்தா, திரும்பத் திரும்ப அப்படி வந்தா, பாட்டி மடி திறக்கலாம். முதல்ல அம்மா பக்கத்துல உக்காந்திருக்க பத்து நிமிஷம், அப்புறம் அம்மா அடுப்படியில இருக்க.

கேள்வி இருந்தா கீழ போடுங்க. புள்ளையோட போட்டோ, பேர், இல்லத்துப் பேர் எதையும் போடாதீங்க, போட்டா நான் அழிச்சிருவேன். ரொட்டி அடுத்த கிழமை.