வெள்ளிக்கிழமை ஆனால் ஒற்றைத் தலைவலி: இன்னும் எதைத்தான் நிறுத்துவது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். வந்த கேள்விகளில் இன்றைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தென்காசி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார், வயது 38, வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவர். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "டாக்டர், எனக்குப் பத்து வருஷமாக ஒற்றைத் தலைவலி. முக்கால்வாசி வெள்ளிக்கிழமைதான் வரும். விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் சாயங்காலம் படுக்கைதான். வாந்தி எடுத்தால் கொஞ்சம் விடும், மாமியார் பித்தம் என்கிறார். ஒருவர் சைனஸ் என்றார், இன்னொருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்றார். ஸ்கேன் எடுத்தாயிற்று, நார்மல். தக்காளி, கத்தரிக்காய், தயிர், சாக்லேட் எல்லாம் நிறுத்திவிட்டேன், இன்னும் எதை நிறுத்த வேண்டும்? மெடிக்கலில் வாங்குகிற மாத்திரை முன்பெல்லாம் மாதம் இரண்டு போதும், இப்போது வாரத்துக்கு நாலு நாள் போட வேண்டியிருக்கிறது."

சரி. அவர் கேட்பது எதை நிறுத்துவது என்று. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வரி. அதற்கு வருகிறேன், முதலில் அந்த வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

விடியற்காலையில் எழுந்தாயிற்று, அதாவது மற்ற நாளைவிடத் தூக்கம் ஒன்றிரண்டு மணி நேரம் குறைவு. தலைக்குக் குளித்து, நீளமான முடியை ஈரத்தோடு துண்டில் இறுக்கிக் கட்டியாயிற்று. பூஜை முடியும்வரை காபி கிடையாது. வீடு முழுக்க சாம்பிராணிப் புகை. தலையில் இரண்டு முழம் மல்லிகை. பதினோரு மணி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறோம். சாப்பிட உட்காரும்போது மணி இரண்டு. இதில் எது தலைவலியைக் கொண்டுவந்தது என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனபோது ஒன்றும் ஆகியிருக்காது. வெள்ளிக்கிழமை எல்லாம் ஒரே தலையில் வந்து ஏறுகிறது, ஒரு கட்டத்தில் தாங்கவில்லை. அதிலும் அந்த வாரம் மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குகிற நேரம் அது, தாங்கும் அளவே பாதியாகிவிடும்.

தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று சொன்னால் சில டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. மும்பையில் தலைவலிக்கென்றே கிளினிக் நடத்திய டாக்டர் ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன், அதாவது இந்த ஒற்றைத் தலைவலி, வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இது பெரிதாக இருக்காது, அங்கே நீள முடியை வாரத்துக்கு ஒரு தரம் அலசி மணிக்கணக்கில் ஈரத்தோடு கட்டி வைக்கிற பழக்கம் கிடையாதே.

இப்போது உணவுக்கு வருகிறேன். சகோதரி, நீங்கள் பாவம் தக்காளியையும் கத்தரிக்காயையும் விட்டிருக்கிறீர்கள். திரும்பச் சாப்பிடுங்கள். சாக்லேட் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மைக்ரேன் வலியோடு தொடங்குவதில்லை. வலி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு முதல் நாளே, மூளைக்குள் வேலை ஆரம்பித்துவிடும். அப்போது காரணமில்லாமல் கொட்டாவி வரும், எரிச்சல் வரும், கழுத்து பிடித்துக்கொள்ளும், இனிப்பு வேண்டும் போல இருக்கும். போய் ஒரு சாக்லேட் சாப்பிடுகிறோம், மூன்று மணி நேரத்தில் வலி வருகிறது, பழி சாக்லேட் மேல் விழுகிறது. பல பேருக்கு அந்த ஆசையே வரப்போகிற வலியின் முதல் அறிகுறி. கழுத்து கதையும் இதுதான். கழுத்து வலித்துத் தலைவலி வந்தது என்று நினைக்கிறோம், எக்ஸ்ரே எடுத்தால் நாற்பதை நெருங்குகிற பலருக்கும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும், குனிந்து தைக்கிறவர் என்றால் உடனே தையல் மெஷின்தான் குற்றவாளி. மெஷினுக்கு ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் கழுத்து இறுக்கம் பெரும்பாலும் மைக்ரேனின் கூடவே வருவது.

சைனஸ் என்றதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தமக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய கிட்டத்தட்ட 3,000 பேரைப் பரிசோதித்து 2004ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. முகத்துக்கும் நெற்றிக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் உணர்வு கொடுப்பது ஒரே நரம்பு, டிரைஜெமினல் நரம்பு. அது தூண்டப்படும்போது சிஜிஆர்பி என்ற புரதத்தை வெளியே விடுகிறது, ரத்தக் குழாய் விரிகிறது, வலி விண் விண் என்று தெறிக்கிறது, கூடவே மூக்கு அடைக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. மூக்கு அடைத்ததும் நாம் ஆவி பிடிக்கப் போய்விடுகிறோம். மைக்ரேனில் இந்த சிஜிஆர்பிக்கு உள்ள பங்கைக் கண்டுபிடித்து, அதைத் தடுக்கிற மருந்து வரைக்கும் வழிகாட்டியதற்காக நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021ல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பிரைஸ் கொடுத்தார்கள்.

அப்புறம் மாமியார் சொன்ன பித்தம். அவர் கவனித்தது சரி. வாந்தி எடுத்தபின் வலி விட்டுப்போவது நிறையப் பேருக்கு நடக்கிறது. ஆனால் பித்தம் தலைக்கு ஏறி வலி வருவதாக நினைத்து விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். மைக்ரேன் வந்தால் வயிறு வேலை செய்வதை மெதுவாக்கிவிடும், கூடவே குமட்டலும் வரும். இது மாத்திரைக்கும் முக்கியம், ஏனென்றால் வயிறு மெதுவான பிறகு போடுகிற மாத்திரை அங்கேயே கிடக்கும், ரத்தத்தில் சேர நேரமாகும். "மாத்திரை போட்டும் கேட்கவில்லை டாக்டர்" என்பவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், தாங்கிப் பார்த்துவிட்டு நாலு மணி நேரம் கழித்து என்பார்கள். வலி லேசாக இருக்கும்போதே, முதல் ஒரு மணி நேரத்துக்குள், சரியான அளவில் போட வேண்டும். கூடவே குமட்டலுக்கு ஒரு மாத்திரை, அதை உங்கள் டாக்டர் எழுதித் தருவார். சாதாரண வலி மாத்திரை கேட்கவில்லை என்றால் சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் என்று மைக்ரேனுக்கென்றே மாத்திரை இருக்கிறது, இதய நோய், பக்கவாதம் வந்தவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் அதைத் தொடக்கூடாது. காய்ச்சலோடு தலைவலி என்றால் நீங்களாகவே புரூபன் வகை மாத்திரை போட வேண்டாம், நம் ஊரில் டெங்கு எப்போதும் இருக்கிறது, டெங்குவில் அந்த மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இப்போது அந்தக் கடைசி வரி. வாரத்துக்கு நாலு நாள் என்றால் மாதத்துக்கு பதினாறு, பதினேழு நாள். நம் ஊர் மெடிக்கலில் "தலைவலிக்கு ஒன்று கொடுங்கள்" என்றால் கத்தரித்துக் கொடுப்பது பல நேரம் எர்கோட்டமின், கஃபீன், பாராசிட்டமால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. இப்படிப்பட்ட கலவை மாத்திரையை மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், வெறும் பாராசிட்டமால் போன்றவற்றை 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். காலையில் எழும்போதே லேசான வலி இருக்கும், மாத்திரை போட்டால் போகும், இறங்கியதும் திரும்ப வரும். கந்துவட்டி வாங்கி அன்றாடச் செலவைச் சமாளிக்கிற மாதிரி. எத்தனை மாத்திரை என்று எண்ணாதீர்கள், மாதத்தில் எத்தனை நாள் போட்டீர்கள் என்று எண்ணுங்கள்.

எர்கோட்டமினில் இன்னொரு ஆபத்து. அது ரத்தக் குழாயைச் சுருக்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கை கால் விரலுக்கு ரத்தம் போகாத அளவுக்குச் சுருக்கிவிடும். தொண்டை வலிக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர் என்று இரண்டு இடத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள் சீட்டைக் காட்டியே வாங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது கூடவே கூடாது.

அந்த மாத்திரையை நிறுத்தும்போது முதல் சில நாள், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி முன்னைவிட மோசமாக இருக்கும். இதைச் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் மூன்றாம் நாளே திரும்பப் போட்டுவிடுவீர்கள். அதனால் ஒரு பொது மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்த்து, வலி வராமல் தடுக்கிற மருந்தை ஆரம்பித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி உங்களை முடக்கினாலே தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் என்று பல இருக்கின்றன. ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது, அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போய் கூகுளில் பார்த்துவிட்டு, "இது மன அழுத்தத்துக்கான மாத்திரையாமே, எனக்கென்ன பைத்தியமா" என்று அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. சின்ன அளவில் அதையே நரம்பு வலிக்கும் மைக்ரேனுக்கும் கொடுக்கிறோம். எதுவானாலும் எட்டு வாரமாவது சாப்பிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். வலி அறவே நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், எட்டு நாள் வலித்தது நாலு நாளானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நானும் இதில் மாட்டினவன்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வாரம் முழுக்க நைட் டியூட்டி பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குவேன், எழுந்தால் தலை இடிக்கும். ஓய்வு எடுத்தும் ஏன் வலிக்கிறது என்று எனக்கே புரியவில்லை. அதிகத் தூக்கம் ஒன்று, தினமும் ஆறு மணிக்குக் குடிக்கிற காபி அன்றைக்கு இல்லாதது ஒன்று. ஒருநாள் ஓ.பி.யில் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், "பாராசிட்டமால்" என்று நானே எழுதியதில் "மால்" மட்டும்தான் தெரிகிறது, முன்பாதியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ரம்பப் பல் மாதிரி பளபளவென்று ஒரு கோடு, அது மெதுவாக வளைந்து ஓரத்துக்கு நகர்ந்தது. இருபது நிமிஷத்தில் பார்வை சரியாகி, பின்னாலேயே வலி வந்தது. இதற்கு ஆரா என்று பெயர், மைக்ரேன் உள்ள எல்லோருக்கும் வராது. வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுக்கக்கூடாது, பக்கவாத அபாயம் கூடும்.

ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வருஷமாக ஒரே மாதிரி வந்து போகிற வலிக்கு ஸ்கேன் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, தலையில் அடிபட்ட பின் வருவது, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக ஆரம்பிப்பது, கர்ப்ப காலத்திலோ பிரசவமான சில வாரத்திலோ வருகிற புது வலி, இவற்றுக்கு மட்டும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிரசவமான பெண் தலை வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் பனி அடித்திருக்கும் என்று காதில் பஞ்சை வைத்துவிடுகிறோம், மூளை ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோகிற ஆபத்து அந்த நேரத்தில் அதிகம்.

சரி சகோதரி, உங்கள் வேலை இதுதான். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் அடுப்படியில் மாட்டியிருக்கும் இல்லையா, அதிலேயே குறியுங்கள், தனி நோட்டு போட்டால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள். வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. இரண்டு மாதம் போதும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள், எந்த ஸ்கேனைவிடவும் அது அவருக்கு உபயோகம்.

வலி வந்துவிட்டால் இருட்டான அறை, பிடரியில் துணி சுற்றிய ஐஸ், தூக்கம். சுக்குப் பத்து போடுவது, தைலம் தேய்ப்பது உங்களுக்கு இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தைலத்தின் வாசனையே சிலருக்குக் குமட்டும், அப்படியென்றால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமையை முழுசாக மாற்றச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் வீட்டில் நடக்காது. தலைக்குக் குளிப்பதை வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றி, முடியை நன்றாக உலர்த்திவிடுங்கள். விரதம் இருங்கள், ஆனால் காலை ஏழு மணிக்கே பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு இருங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். சாம்பிராணியையும் மல்லிகையையும் இப்போதைக்கு அப்படியே விடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும். நாலு வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு, காலண்டரில் எத்தனை வட்டம், எத்தனை பெருக்கல் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.